ஆய்வின் தரம் பணமாக மாறும் கணக்கு

பல்கலைக்கழக ஆய்வுக்கு அரசுப் பணம் பொதுவாக இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, குறிப்பிட்ட திட்டத்துக்காக ஆய்வாளர் விண்ணப்பித்து வாங்குவது. மற்றது, எதற்குச் செலவிடுவது என்பதைப் பல்கலைக்கழகமே முடிவு செய்யும்படி மொத்தமாகத் தருவது. இந்த மொத்தத் தொகையை ஆய்வின் தரத்தோடு இணைக்கும் வேலையை 1986-இல் பிரிட்டன் தொடங்கியது. பிறகு பல நாடுகள் தத்தம் பாணியில் அதைப் பின்பற்றின.

சரி, தரத்தை எப்படிப் பணமாக மாற்றுகிறார்கள்? பிரிட்டனின் 2021 மதிப்பீட்டையே எடுத்துக்கொள்வோம். 157 நிறுவனங்கள் பங்கேற்றன. 34 துறைக் குழுக்களில் இருந்த வல்லுநர்கள் கட்டுரைகளையும் நூல்களையும் படித்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு நட்சத்திரம் வரை கொடுத்தார்கள். வெளியீடுகளுக்கு 60 விழுக்காடு மதிப்பு, ஆய்வால் வெளியுலகில் விளைந்த பயனுக்கு 25, ஆய்வுச் சூழலுக்கு 15. இதழின் தாக்கக் காரணியை, அதாவது அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்ணைப் பார்த்து மதிப்பெண் போடக்கூடாது என்பது விதி. இதன் அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 200 கோடி பவுண்டு பகிரப்படுகிறது.

பகிரும் கணக்கில்தான் சூட்சுமம் இருக்கிறது. இங்கிலாந்தில் நான்கு நட்சத்திர ஆய்வுக்கு எடை 4, மூன்றுக்கு 1, இரண்டும் அதற்குக் கீழும் பூஜ்யம். எளிமைப்படுத்திச் சொன்னால், ஒரு துறையில் 40 ஆய்வாளர்கள். பாதி வேலை நான்கு நட்சத்திரம், 30 விழுக்காடு மூன்று நட்சத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.5-ஐ 4-ஆல் பெருக்கி 0.3-ஐக் கூட்டினால் 2.3. அதை 40-ஆல் பெருக்க 92. இந்த எண்ணின் விகிதத்தில்தான் பணம் பிரியும். ஆய்வகம் தேவைப்படும் துறையானால் செலவு அதிகம் என்பதால் மறுபடி 1.6-ஆல் பெருக்குவார்கள். இப்போது அதே அளவுள்ள இன்னொரு துறை: 20 விழுக்காடு நான்கு நட்சத்திரம், 60 விழுக்காடு மூன்று. இரண்டு துறைகளிலும் 80 விழுக்காடு வேலை நல்ல வேலைதான். ஆனால் இரண்டாவதற்குக் கிடைப்பது 56 மட்டுமே. நான்காவது நட்சத்திரத்துக்காகப் பல்கலைக்கழகங்கள் ஏன் இவ்வளவு பாடுபடுகின்றன என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது.

இப்படி ஆயிரக்கணக்கான கட்டுரைகளை ஆள் வைத்துப் படிப்பது பெரும் செலவு. நார்வே 2006-இல் வேறு வழியை எடுத்தது: படிக்க வேண்டாம், எண்ணினால் போதும். இதழ்களை இரண்டு நிலைகளாகப் பிரித்தார்கள். முதல் நிலையில் ஒரு கட்டுரைக்கு 1 புள்ளி, மேல்நிலையில் 3. ஒரு கட்டுரையை நான்கு பேர் எழுதி, ஒருவர் மட்டும் உங்கள் பல்கலைக்கழகத்தவர் என்றால் உங்களுக்குக் கால் பங்கு. கூட்டாகச் செய்யும் துறைகளுக்கு இது பாதகம் என்று புரிந்த பிறகு, பங்கின் வர்க்கமூலத்தை எடுக்கும்படி விதியை மாற்றினார்கள். கால் பங்கு அரைப் பங்கானது. ஒரு சின்ன வர்க்கமூலக் குறி, யாரோடு சேர்ந்து ஆய்வு செய்யலாம் என்ற முடிவையே தொடுகிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

எண்ணுவதில் ஆபத்தும் உண்டு. ஆஸ்திரேலியா 1990-களில் வெளியீட்டு எண்ணிக்கையை நிதியோடு இணைத்தபோது கட்டுரைகள் பெருகின. ஆனால் அந்தப் பெருக்கம் அதிகம் மேற்கோள் காட்டப்படாத இதழ்களில்தான் கூடுதலாக இருந்தது என்று ஆய்வாளர் லிண்டா பட்லர் 2003-இல் காட்டினார். அந்தத் தரவை அப்படி வாசிப்பது தவறு என்று பின்னால் வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். விவாதம் இன்னும் ஓயவில்லை.

ஆனால் என்னைக் கவலைப்படுத்துவது வேறொன்று. நார்வேயில் இந்தப் புள்ளிகளால் நகர்ந்த பணம் மிகச் சிறு பங்குதான். அப்படியும் ஆய்வாளர்கள் அதைப் பெரிதாக உணர்ந்தார்கள். காரணம், நாட்டளவில் பணம் பிரிக்கச் செய்த அளவுகோலைச் சில துறைகள் தங்கள் ஊழியர்களை அளக்கவும் எடுத்துக்கொண்டன. ஒரு நிறுவனம் முழுக்கச் சேர்த்துப் பார்க்கும்போது, தனித்தனிக் கட்டுரைகளின் ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். ஒரே ஒரு ஆளிடம் அது நடக்காது. மூன்று ஆண்டு உழைத்து ஒரு கருவியைக் கட்டியவருக்கு அந்த மூன்று ஆண்டும் பூஜ்யமாகத் தெரியும். வேலை நீடிப்பையும் பதவி உயர்வையும் அந்த எண்ணை வைத்து முடிவு செய்வது அநியாயம்.

பிரிட்டனும் இதை ஓரளவு உணர்ந்தது. 2014 மதிப்பீட்டில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதைப் பல்கலைக்கழகமே தேர்ந்தெடுத்தது; விடப்பட்டவர்கள் மேல் முத்திரை விழுந்தது. 2016-இல், இந்த மதிப்பீட்டு முறையைப் பரிசீலிக்க அரசு அமைத்த ஸ்டெர்ன் குழு அதை மாற்றச் சொன்னது. 2021-இல் ஆய்வுப் பொறுப்புள்ள எல்லாரும் சேர்க்கப்பட்டார்கள். ஆளுக்குச் சராசரியாக 2.5 வெளியீடு, குறைந்தது 1, அதிகபட்சம் 5. அடுத்த சுற்றில் இந்தத் தனிநபர் வரம்பையும் எடுத்துவிடப்போவதாக 2023-இல் அறிவித்தார்கள். அரசு தன் பக்கத்துக் கணக்கில் ஆளுக்கும் கட்டுரைக்கும் உள்ள முடிச்சை அவிழ்க்கலாம். அப்புறம் துறைத் தலைவரின் மேசையில் அதே முடிச்சு இருக்கிறதா என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் போய்ப் பார்க்க வேண்டும்.