தடை தட்டுப்படும் இடம்: மூட்டு வலிக்குக் கைமுறைச் சிகிச்சை எப்படி வேலை செய்கிறது?

"தம்பி, கொண்டை போட முடியல. கை பாதியிலேயே நின்னு போகுது."

சுங்கை சிப்புட்டில் நான் பிசியோதெரபி பார்க்கும் அறைக்கு வந்த ஓர் அக்கா சொன்னது இது. இருபது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தில் பால்மரத்தை அழித்துச் செம்பனை போட்டதும் டவுனுக்கு வந்து சாப்பாட்டுக் கடையில் வேலை பார்க்கிறார். இனிப்பு நீர் (நீரிழிவு) உண்டு. வலது தோளில் கோடாலித் தைலம் வாசம் அடித்தது. நான்கு மாதமாகப் பக்கத்து வீட்டுப் பாட்டி நீவி விட்டிருக்கிறார். நீவும்போது சுகமாக இருக்கும், காலையில் எழுந்தால் மறுபடி அதே இறுக்கம்.

கையை மெதுவாகப் பக்கவாட்டில் தூக்கிப் பார்த்தேன். பாதி வழியில் தோள்பட்டை எலும்பும் சேர்ந்து மேலே ஏறியது. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்பினேன். கோணமானியில் 15 டிகிரி. அதற்கு மேல் நகரவில்லை.

இப்படி நிற்கும் இடத்தில் கைக்கு என்ன தெரிகிறது என்பதுதான், மூட்டைக் கையால் தள்ளியும் அசைத்தும் செய்யும் கைமுறைச் சிகிச்சைப் பயிற்சியில் முதல் பாடம். உங்கள் முழங்கையை முழுக்க மடக்கிப் பாருங்கள். சதையோடு சதை மோதி மெத்தென்று நிற்கும். முழுக்க நீட்டினால் எலும்பில் எலும்பு முட்டி உறுதியாக நிற்கும். தோளை வெளிப்பக்கம் திருப்பினால் தோல் வாரை இழுத்துப் பிடித்த மாதிரி கொஞ்சம் கொடுத்து நிற்கும். இந்த 'முடிவு உணர்வு'களை வகை பிரித்துச் சொன்னவர் இங்கிலாந்து மருத்துவர் ஜேம்ஸ் சிரியாக்ஸ். வார் உணர்வு வரவேண்டிய இடத்துக்கு ரொம்ப முன்னாலேயே வந்தால் மூட்டைச் சுற்றியுள்ள உறை சுருங்கியிருக்கிறது என்று பொருள். எந்தத் தடையும் தட்டுப்படாமலேயே, தாங்க முடியாத வலி என்று நிறுத்தச் சொன்னால் அது வேறு விஷயம். உடனே கையை எடுத்துவிட்டு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மூட்டு சிவந்து சூடாகிக் காய்ச்சலும் இருந்தாலும், காரணமில்லாமல் உடம்பு இளைத்துக்கொண்டே போனாலும் அப்படித்தான்.

அக்காவுக்கு வெளிப்பக்கம் திருப்புவது மிக மோசம், பக்கவாட்டில் தூக்குவது அடுத்தது, முதுகுப் பக்கம் கொண்டுபோவது அதற்கடுத்தது. இந்த வரிசையையும் சிரியாக்ஸ்தான் எழுதி வைத்தார். உறை சுருங்கி இறுகிப்போன தோளை 'உறைந்த தோள்' (frozen shoulder) என்போம், அதன் அடையாளம் இது. இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். மலேசியாவின் 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வுப்படி பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு, இனிப்பு நீர் இருக்கிறது. இப்படிப்பட்ட தோள்கள் என் அறைக்கு அடிக்கடி வருவதில் ஆச்சரியமில்லை.

சரி, உறை சுருங்கினால் கை ஏன் தூக்க முடியாமல் போகிறது? இடது கை ஆள்காட்டி விரலின் அடி மூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டுக்குப் பின்னால் உள்ளங்கை எலும்பை யாராவது பிடித்துக்கொள்ளட்டும். விரலைத் தளர்த்தி விட்டு, மூட்டுக்கு முன்னால் உள்ள எலும்பை வலது கையால் பிடித்து மேலும் கீழும் லேசாக நகர்த்துங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகரும். இந்த நகர்வை விரலின் சொந்த பலத்தால் உங்களால் செய்யவே முடியாது. இதுதான் துணை அசைவு. மடக்குவது, நீட்டுவது போன்ற பெரிய அசைவுகள் எல்லாம் இந்தச் சின்ன நகர்வை நம்பித்தான் நடக்கின்றன.

தோளில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். மேற்கை எலும்பின் உச்சி ஓர் உருண்டை. அது உட்காரும் குழி சிறியது, ஆழமும் இல்லை. கையைத் தூக்கும்போது உருண்டை குழியில் மேல்நோக்கி உருள்கிறது. உருண்டுகொண்டே போனால் மேலேயுள்ள எலும்பு முகட்டில் இடித்துவிடும். அதனால் உருளும்போதே கீழ்நோக்கி வழுக்கியும் இறங்க வேண்டும். மழை நாளில் தோட்டத்துச் செம்மண் மேட்டில் மோட்டார் ஏறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் உருளும், ஆனால் வழுக்குவதால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். மோட்டாரில் போகிறவருக்கு அது தொல்லை. தோளுக்கு அந்த வழுக்கல் இருந்தால்தான் கை மேலே போகும். உறை சுருங்கும்போது முதலில் போவது இந்த வழுக்கல்தான் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

நார்வே நாட்டு பிசியோதெரபிஸ்ட் ஃப்ரெடி கால்டன்போர்ன் இதிலிருந்து ஒரு விதியே வைத்தார். அசைகிற எலும்பின் முனை குவிந்திருந்தால் எலும்பு போகும் திசைக்கு எதிராக வழுக்கும். முழங்காலில் கீழ்க்கால் எலும்பைப் போலக் குழிந்திருந்தால் அதே திசையில் வழுக்கும். எந்தப் பக்கம் தள்ளிவிட வேண்டும் என்பதை இதை வைத்துத் தீர்மானிக்கலாம் என்றார். எவ்வளவு தள்ளுவது என்பதற்கு ஆஸ்திரேலியாவின் ஜெஃப்ரி மெய்ட்லண்ட் நான்கு தரம் பிரித்தார். முதல் இரண்டும் தடையைத் தொடாத ஆட்டங்கள், வலி அதிகமுள்ள மூட்டுக்கு. மூன்றாவதும் நான்காவதும் தடைக்குள் போய் வருவது, வலி குறைந்து இறுக்கம் மட்டும் மிஞ்சியிருக்கும் மூட்டுக்கு. தரம் மாற்றித் தொட்டால் கோபத்தில் இருக்கும் தோள் அன்றிரவு தூங்க விடாது.

இதைக் கற்றுக்கொள்வது படம் பார்த்து ஆகிற காரியமில்லை. ஈப்போவில் ஒரு வார இறுதிப் பயிற்சியில் தரையில் எடை பார்க்கும் மெஷினை வைத்து எங்களை அழுத்தச் சொன்னார்கள். எல்லாருக்கும் ஒரே தரம்தான். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் காட்டிய கிலோ, என்னுடையதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அனுபவசாலிகளிடையேகூட இந்த வேறுபாடு பெரிதாகவே இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்புறம் இரண்டு நாளும் ஒருவர் தோளை ஒருவர், ஒருவர் முழங்காலை ஒருவர் பிடித்துப் பழகினோம். முழங்காலைச் சுமார் 25 டிகிரி மடக்கி, அடியில் துண்டைச் சுருட்டி வைத்தால் உறை தளர்ந்து நகர்வு நன்றாகத் தெரியும். நேராக நீட்டி வைத்தால் ஒன்றுமே தெரியாது. அந்த வித்தியாசம் கையில் பட்டதும்தான் எனக்குப் புரிய ஆரம்பித்தது.

ஆனால் கால்டன்போர்ன் விதிக்கு ஓர் அடி விழுந்தது. விதிப்படி, தோளை வெளிப்பக்கம் திருப்பக் கஷ்டப்படுகிறவருக்கு உருண்டையை முன்பக்கம் தள்ள வேண்டும். 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில் உறைந்த தோள் உள்ள ஒரு குழுவுக்கு முன்பக்கமும் இன்னொரு குழுவுக்குப் பின்பக்கமும் தள்ளினார்கள். முன்பக்கம் தள்ளியவர்களுக்கு வெளித்திருப்பம் கூடியது சுமார் 3 டிகிரி. பின்பக்கம் தள்ளியவர்களுக்கு 31 டிகிரி! சிறிய ஆய்வுதான். என்றாலும் விதியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாமல், தள்ளிப் பார்த்து, உடனே மறுபடி அளந்து பார்க்கும் பழக்கத்தை அது எனக்குக் கற்றுக் கொடுத்தது.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. சுருங்கிய உறை சில நிமிடத் தள்ளலில் நீண்டுவிடுமா? நீளாது. ஆனாலும் வலி அந்தச் சில நிமிடத்திலேயே குறைகிறது. 1965இல் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் வெளியிட்ட 'வாயில் கோட்பாடு' இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. தொடுதலும் அசைவும் தரும் செய்திகள் தண்டுவடத்துக்குள் நுழையும்போது வலிச் செய்திக்கான வாயிலைக் கொஞ்சம் அடைக்கின்றன. மூளையிலிருந்தும் வலியைத் தணிக்கும் கட்டளைகள் கீழே இறங்குகின்றன. வலி தணிந்தால் மூட்டைக் காக்க இறுகியிருந்த தசைகள் தளரும், கை இன்னும் சில டிகிரி போகும். பாட்டியின் நீவலில் கிடைத்த சுகமும் இந்த வழியில்தான் வந்தது. அவர் கையை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

மூட்டில் 'டக்' என்று சத்தம் வந்தால் எலும்பு இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். 2015இல் கனடாவின் அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் விரல் மூட்டை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் வைத்து இழுத்துப் பார்த்தார்கள். சத்தம் வரும் கணத்தில் மூட்டு நீருக்குள் வாயு நிறைந்த ஒரு வெளி திறந்தது. எலும்பு எங்கும் போய் வரவில்லை.

பால் வெட்டியவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது முழங்கையின் வெளிப்பக்க வலி. உளியை இறுகப் பிடித்து மணிக்கட்டை நிமிர்த்தியபடி மரம் மரமாகப் பட்டை சீவிய கை அது. நியூசிலாந்தின் பிரையன் மல்லிகன் காட்டிய முறையில், நான் முன்கையைப் பக்கவாட்டில் தள்ளிப் பிடித்துக்கொள்ள, நோயாளி கையை இறுக்கி மூட வேண்டும். திசை சரியென்றால் அந்தக் கணமே வலியில்லாமல் பிடிக்க முடியும். ஊசி போட்டால் சீக்கிரம் போய்விடாதா என்று கேட்பார்கள். 2006இல் 198 பேரிடம் நடந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் ஆறாவது வாரத்தில் ஸ்டீராய்டு ஊசிதான் முன்னணியில் இருந்தது. அப்புறம் ஊசியால் குணமானவர்களில் 72 விழுக்காட்டினருக்கு வலி திரும்பியது. கைமுறைச் சிகிச்சையோடு உடற்பயிற்சியும் செய்தவர்கள் சும்மா காத்திருந்தவர்களைவிடச் சீக்கிரம் தேறினார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது அந்த இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அதனால்தான் நான் யாரிடமும் கையால் குணமாக்கிவிடுகிறேன் என்று சொல்வதில்லை. வலி தணிந்திருக்கும் நேரத்தில் மூட்டை அசைக்க வைக்க வேண்டும், வீட்டுக்குப் போயும் அசைக்க வேண்டும். முழங்கால் தேய்மானத்திலும் அடிப்படை மருந்து உடற்பயிற்சிதான், கைமுறைச் சிகிச்சை அதற்குத் துணை. யார் கையில் மூட்டைக் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில் சட்டத்தின்கீழ் பிசியோதெரபிஸ்டுகள் பதிந்துகொள்ள வேண்டும். பதிவு இருக்கிறதா என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

அக்காவுக்கு நான் கொடுத்தது துடைப்பக் கட்டைப் பயிற்சி. இரண்டு கையாலும் கட்டையைப் பிடித்து, நல்ல கையால் வலிக்கும் கையை வெளிப்பக்கம் தள்ளி, தடை தட்டுப்படும் இடத்தில் கொஞ்சம் நிறுத்தித் திரும்ப வேண்டும். கடையில் கூட்டம் குறையும் மூன்று மணிக்குப் பின்கட்டில் நின்று செய்கிறாராம். முதல் நாள் 15 டிகிரி, போன வாரம் 40. கொண்டையை இன்னும் மகள்தான் போட்டு விடுகிறாள். பூ வைப்பது மட்டும் இப்போது அவரே.