புறாவின் நிறத்தை நம்பாதீர்கள், காலைப் பாருங்கள்

பத்துமலைப் படிக்கட்டுக்குக் கீழே தானியம் இறைத்த இடத்தில் கும்பலாக எழுந்து இறங்கும் புறாக்களைத் தெரியாதவர்கள் இல்லை. அது மாடப்புறா, மலாயில் மெர்பாத்தி. கோலாலம்பூர் லேக் கார்டனில் ஆல், அத்தி வகை மரங்களின் உச்சியில் பழம் தின்னும் பச்சைப்புறாவை, மலாயில் புனாயை, கிளி என்று எண்ணிக் கடந்துவிடுகிறவர்கள் நிறைய.

இந்த இரண்டையும் நிறத்தை வைத்துப் பிரிக்கப் போனால் முதலிலேயே சறுக்கும். மாடப்புறாக்கள் வளர்ப்புப் புறாவின் வழி வந்தவை. ஒரே கும்பலில் சாம்பல், கறுப்பு, செங்கல் நிறம், வெள்ளை எல்லாம் இருக்கும். கழுத்தில் வெயில் பட்டால் பச்சையும் ஊதாவும் மினுங்கும். அதைப் பார்த்தே ‘பச்சைப்புறா’ என்று சொல்லிவிடுவார்கள். உண்மையான பச்சைப்புறாவோ, வானத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தால் வெறும் கறுப்பு நிழல்தான்.

கால் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மாடப்புறாவின் முன்னோர் செங்குத்துப் பாறை விளிம்பில் கூடு வைத்து, தரையில் விதை பொறுக்கியவை. அடுக்குமாடியின் ஏர்கான் பெட்டி அதற்கு இன்னொரு பாறை விளிம்பு. தட்டையான இடத்தில் நிற்கும், தலையை முன்னும் பின்னும் ஆட்டி நடக்கும். எடை 240 முதல் 380 கிராம். நகரப் பூங்காக்களில் அதிகம் தென்படும் இளஞ்சிவப்புக் கழுத்துப் பச்சைப்புறா 105 முதல் 160 கிராம்தான். அதனால்தான் விரல் பருமன்கூட இல்லாத கொப்பைப் பற்றிக்கொண்டு, தலைகீழாகத் தொங்கியும் பழத்தை எட்டிப் பறிக்கிறது. தரைக்கு வருவது அபூர்வம்.

காலை மட்டுமே நம்பினால் ஒரு இடத்தில் ஏமாறுவோம்: மரகதப்புறா. காட்டுப் பறவைதான், ஆனால் மர நிழலில் தரையில் நடந்தே இரை தேடும். சிவந்த அலகும் பளபளக்கும் பச்சை இறக்கையும் காட்டிக்கொடுத்துவிடும்.

அருகில் கிடைத்தால் மற்ற அடையாளங்கள். வழக்கமான சாம்பல் மாடப்புறாவின் இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டைகள், அலகு தொடங்கும் இடத்தில் மேலே வெள்ளைச் சதைத் திரள். பச்சைப்புறாவில் சேவலுக்குச் சாம்பல் தலை, இளஞ்சிவப்புக் கழுத்து, ஆரஞ்சு மார்பு. பெட்டை முழுக்கப் பச்சை. சேவல், பெட்டை இரண்டுக்கும் இறக்கை ஓரத்தில் மஞ்சள் கோடு ஓடும். கழுத்தில் கறுப்பு வெள்ளைப் புள்ளிச் சால்வையோடு வீட்டு வாசலில் மேய்வது புள்ளிப்புறா, மலாயில் தெக்குக்கூர்; அதை மாடப்புறாவிலும் பச்சைப்புறாவிலும் சேர்க்க வேண்டாம்.

வயிற்றுக்குள் இருக்கும் வேறுபாடு இன்னும் சுவையானது. பழம் தின்னும் புறா என்றாலே விதை பரப்பும் என்று நினைப்போம். பச்சைப்புறாவின் அரைவைப்பை தடித்த தசை. உள்ளே கிடக்கும் சிறு கற்களோடு சேர்ந்து அத்தி விதைகளை மாவாக்கிவிடும். மரத்தின் பார்வையில் அது விதைத் திருடன். மலைக்காட்டுப் பெரும்புறாவான பெர்காம் அப்படியல்ல. அதன் அரைவைப்பை மெல்லியது. பெரிய பழத்தை முழுதாக விழுங்கி, விதையைச் சேதமில்லாமல் வேறிடத்தில் போட்டுவிடும். பிரேசர் மலையில் அதைப் பார்க்கலாம்.

பச்சைப்புறாவைத் தேட, காலையில் பழுத்த அத்தி மரத்தடிக்குப் போய், வெயில் முதுகில் படும்படி நில்லுங்கள். இலையோடு இலையாக இருப்பதால் முதலில் எதுவும் தெரியாது. பழத்துணுக்குகள் சொட்டுச் சொட்டாக விழும் இடத்துக்கு நேர் மேலே பாருங்கள்.