ஸ்வீட் கார்னை உறைய வைக்கும் முன் ஏன் கொதிக்க வைக்க வேண்டும்?

வடசென்னையின் தண்டையார்பேட்டையிலோ காலடிப்பேட்டையிலோ ஸ்வீட் கார்ன் மூட்டையை இறக்கும்போது, வாய்க்கட்டை அவிழ்த்து நடுவில் கையை நுழைத்துப் பாருங்கள். மேலே கிடக்கும் கதிர்களைவிட உள்ளே இருப்பவை வெதுவெதுப்பாக இருக்கும். அதில் பாதி வெயிலின் சூடு என்றால், மீதி கதிர்கள் தாமே உண்டாக்கிய சூடு. செடியிலிருந்து ஒடித்த பிறகும் கதிர் உயிரோடுதான் இருக்கிறது. அது மூச்சு விடுகிறது, அதற்காகத் தன் சர்க்கரையை எரிக்கிறது, எரிந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் மூட்டைக்குள் தேங்குகிறது. பறித்த பின்னும் மிக வேகமாக மூச்சு விடும் காய்கறிகளில் இது ஒன்று.

எரிந்தது போக மிஞ்சும் சர்க்கரையும் பத்திரமாக இருப்பதில்லை. ஒவ்வொரு முத்தும் ஒரு விதை. வந்து சேரும் சர்க்கரையை மாவுச்சத்தாகக் கோத்து அடுக்கிவைப்பது விதையின் வேலை. பட்டு இழை வெளிவந்து மூன்று வாரம் ஆனதும், அந்த வேலை பாதியில் இருக்கும்போதே நாம் கதிரைப் பறித்துவிடுகிறோம். செடியிலிருந்து வரும் சர்க்கரை நின்றுபோகிறது, மாவாக்கும் நொதிகள் (என்சைம்கள்) மட்டும் நிற்பதில்லை. பழைய ஸ்வீட் கார்ன் ரகங்களை 30 டிகிரி செல்சியஸில் ஒரே ஒரு நாள் வைத்தால் சர்க்கரையில் 60 சதவீதம் வரை மாவாகிவிடும். பூஜ்ஜியம் டிகிரியில் வைத்தால் அதே ஒரு நாளில் போவது 6 சதவீதம்தான். மே மாதத்தில் ராயபுரத்தின் நள்ளிரவுகூட 30 டிகிரிக்குக் கீழே இறங்க யோசிக்கும் என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

இன்று நெடுந்தூரம் பயணம் செய்து சந்தைக்கு வரும் ரகங்களில் பல இந்த ஆபத்திலிருந்து ஓரளவு தப்பியவை. காரணம் ஒரு மரபணுப் பிழை. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் மரபியலாளர் ஜான் லாஃப்னன், காய்ந்தால் சுருங்கிப்போகும் ஒருவகை மக்காச்சோள விதையில் சர்க்கரை அளவுக்கு மீறி இருப்பதை 1953இல் எழுதினார். ‘ஷ்ரங்கன்-2’ எனப்படும் அந்த மரபணு பழுதானால், மாவுச்சத்துக்கான முதல் கட்டுமானப் பொருளைச் செய்யும் நொதி சரிவர வேலை செய்யாது. சர்க்கரை சர்க்கரையாகவே தங்கிவிடும். சூப்பர் ஸ்வீட் என்று விற்கப்படும் ரகங்கள் அந்த வழியில் வந்தவை. ஆனாலும் மூச்சு நிற்பதில்லை. மாவாகாமல் தப்பிய சர்க்கரை மெல்ல மெல்ல எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

காசிமேட்டில் மீன் வாங்கிப் பழகியவர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. வலையிலிருந்து எடுத்த மீன்மேல் ஐஸ் எவ்வளவு சீக்கிரம் விழுகிறதோ அவ்வளவு நேரம் அது தாங்கும். கதிருக்கும் அதே கணக்குதான். ஆகவே வாங்கும்போது தோல் பச்சையாக, இறுக்கமாக இருக்கிறதா, காம்பு வெட்டிய இடம் ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு முத்தை நகத்தால் கீறினால் சாறு தெறிக்க வேண்டும். பழைய ரகத்தில் அது பால் நிறத்தில் இருக்கும், சூப்பர் ஸ்வீட்டில் சற்றுத் தெளிவாக இருக்கும். மாவாகக் குழைந்து வந்தால் அந்தக் கதிர் உறைய வைக்க லாயக்கில்லை. வாங்கிய அன்றே வேலையை முடித்துவிடுவது நல்லது. முடியாவிட்டால், தோலை உரிக்காமல் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள்.

இனிமேல்தான் பலரும் அவசரப்படும் இடம். முத்துகளைப் பச்சையாகவே உதிர்த்து, பையில் போட்டு ஃப்ரீசருக்குள் தள்ளிவிடுகிறார்கள். முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியாது. பிறகு முத்தில் காய்ந்த வைக்கோல் வாடை, பழைய எண்ணெய் வாடை ஏறும், நிறம் மங்கும். குளிர் போதவில்லை என்று ஃப்ரிட்ஜைக் குறைசொல்வதில் நியாயமில்லை. மைனஸ் 18 டிகிரியில்கூட முத்துக்குள் இருக்கும் நீர் முழுவதும் உறைந்துவிடுவதில்லை. தூய நீர் முதலில் பனியாகப் பிரிய, சர்க்கரையும் உப்பும் நொதிகளும் மிச்சமிருக்கும் கொஞ்சம் நீரில் நெருக்கியடித்துக்கொண்டு செறிவாகிவிடுகின்றன. குளிரில் நொதியின் வேகம் குறையுமே தவிர அது சாவதில்லை. கையில் மாதக்கணக்கில் நேரமும் இருக்கிறது.

அந்த வாடைக்கு முக்கியக் காரணம் லைபாக்சிஜனேஸ் என்ற நொதி. முத்தின் அடியில் இருக்கும் முளைக்கருவில் எண்ணெய் உண்டு. சோள எண்ணெய் எடுப்பதே அந்த முளையிலிருந்துதான். அதிலுள்ள லினோலெயிக் அமிலத்தை இந்த நொதி ஆக்சிஜனோடு சேர்த்து உடைக்கும்போது, துளி அளவிலேயே மூக்குக்குத் தெரியும் ஆல்டிஹைடுகள் பிறக்கின்றன. கூடவே பெராக்சிடேஸ் என்ற இன்னொரு நொதியும் இருக்கிறது. சூட்டுக்கு எளிதில் மசியாதது அது. அதனால்தான் தொழிற்சாலைகளில் அது செத்துவிட்டதா என்று சோதித்து, செத்திருந்தால் மற்றவையும் செத்திருக்கும் என்று கொள்கிறார்கள்.

புரதமான நொதியைக் கொல்ல நம் சமையலறையில் இருக்கும் ஆயுதம் கொதிநீர். சூட்டில் புரதத்தின் மடிப்புகள் அவிழ்ந்துவிடும், அவிழ்ந்த நொதி மீண்டும் வேலைக்குத் திரும்பாது. பிளான்ச்சிங் என்று சமையல் நூல்களில் சொல்வது இதைத்தான். ஒரு கிலோ கதிருக்கு எட்டு லிட்டர் தண்ணீராவது வேண்டும். அவ்வளவு தண்ணீர் இருந்தால்தான் கதிரைப் போட்ட பின் ஒரு நிமிடத்துக்குள் மீண்டும் கொதி வரும். பெரிய பாத்திரம் இல்லையென்றால் இரண்டு இரண்டு கதிராகப் போடுங்கள். தண்ணீர் மறுபடி கொதித்த கணத்திலிருந்து நான்கு நிமிடம் எண்ணி எடுத்துவிட வேண்டும். முத்தாக உதிர்த்து வைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு போதும்.

முழுக் கதிராக உறைய வைக்க நினைத்தால் நான்கு நிமிடம் போதாது. சிறிய கதிருக்கு ஏழு, நடுத்தரத்துக்கு ஒன்பது, பெரிய கதிருக்குப் பதினொரு நிமிடம் ஆகும். முத்துகளுக்கு அடியில் இருக்கும் சக்கைத்தண்டின் நடுவுக்குச் சூடு போய்ச் சேர அவ்வளவு நேரம் பிடிக்கும். நடுத்தண்டில் உயிரோடு விட்ட நொதிகள், மாதக்கணக்கில் சக்கை வாடையை முத்துகளுக்கு ஏற்றிவிடும். வீட்டு ஃப்ரீசருக்கு முத்துகளே சரி என்பது என் முடிவு. இடமும் மிச்சம், எரிவாயுவும் மிச்சம்.

இரண்டு நிமிடத்தில் எடுத்துவிட்டால் என்ன ஆகும்? கொதிக்கவே வைக்காததைவிட மோசமாகலாம். அரைச்சூட்டில் செல்கள் உடைந்து, தனித்தனி அறைகளில் இருந்த நொதியும் எண்ணெயும் கலந்துவிடுகின்றன. நொதியோ இன்னும் சாகவில்லை. உதிர்த்துவிட்டுக் கொதிக்க வைப்பதும் வேண்டாம். வெட்டுவாய் வழியாகச் சர்க்கரையும் வைட்டமின் சி சத்தும் தண்ணீரில் கரைந்து போய்விடும். கதிராகவே கொதிக்க வைத்து, ஆற வைத்து, அதன் பிறகு கத்தியால் முத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை சீவுங்கள். அடிவரை சீவினால் சக்கையும் சேர்ந்து வரும்.

ஆற வைப்பதும் கொதிக்க வைப்பதைப் போலவே முக்கியம். அடுப்பிலிருந்து எடுத்த கதிர் உள்சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும். பாதி ஆறிய நிலையில் வைத்திருந்தால் கிருமிகளுக்கும் கொண்டாட்டம். குழாய் நீரில் காட்டினால் போதும் என்ற அறிவுரை குளிர்நாட்டுக்குப் பொருந்தும். கோடையில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நமக்கு வருவதே வெந்நீர். ஐஸ்தான் வேண்டும்.

எவ்வளவு ஐஸ் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். ஒரு கிலோ கதிரின் வெப்பத்தை ஒரு டிகிரி குறைக்க ஏறத்தாழ 3.5 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். 100 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்கு இறக்க 315 கிலோஜூல். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது உறிஞ்சுவது 334 கிலோஜூல். ஆக, கிலோவுக்குக் கிலோ. வீட்டு ஐஸ் தட்டுகளுக்கு இது பெரிய சுமை. அதனால் முதலில் சாதாரணத் தண்ணீரில் போட்டு, ஒன்றிரண்டு முறை தண்ணீரை மாற்றி 40 டிகிரி வரை இறக்கிவிட்டு, அதன் பிறகு ஐஸ் நீருக்கு மாற்றுங்கள். மூன்றில் ஒரு பங்கு ஐஸே போதுமானதாகிவிடும். துறைமுகத்துப் பக்கம் கிடைக்கும் கட்டி ஐஸை உடைத்து நேராகக் கதிர்மேல் போடாதீர்கள், அது மீனுக்கானது.

உதிர்த்த முத்துகளைச் சுத்தமான பருத்தித் துணியில் பரப்பி ஈரத்தை ஒற்றி எடுத்துவிடுங்கள். பிறகு எவர்சில்வர் தாம்பாளத்தில் ஒரே அடுக்காகப் பரப்பி ஃப்ரீசரில் வைக்க வேண்டும். உலோகம் வெப்பத்தைச் சட்டென்று கடத்தும், மெல்லிய அடுக்கு சீக்கிரம் உறையும். வேகம் இங்கே மிக முக்கியம். மெதுவாக உறையும்போது செல்களுக்கு வெளியே சில பெரிய பனிப்படிகங்கள் மட்டும் வளரும். அவை செல்லுக்குள்ளிருந்து நீரை இழுத்து, சுவர்களைக் கிழித்துவிடும். உருக வைத்தால் முத்து தொளதொளவென்று ஆகிவிடும். வேகமாக உறைந்தால் படிகங்கள் எண்ணிக்கையில் அதிகமாகவும் அளவில் சிறியதாகவும் இருக்கும். கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர் இதை 1910களில் லாப்ரடாரில் கண்டுகொண்டார். மைனஸ் 40 டிகிரிக் காற்றில் பிடித்த மாத்திரத்தில் விறைத்துப்போன மீன், மாதங்கள் கழித்துச் சமைத்தபோதும் புதிதாகவே இருந்தது. இன்றைய உறைபதனத் தொழிலுக்கு அந்த மீன்தான் தொடக்கம்.

முத்துகள் கல்லாக உறைந்ததும் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடிவிடுங்கள். காற்று இருந்தால் முத்திலுள்ள பனி நேராக ஆவியாகிப் பையின் உட்புறத்தில் பூத்துவிடும், முத்து வற்றிப்போகும். ஒரே நேரத்தில் கிலோக்கணக்கில் திணிப்பதும் கூடாது. உறைதலை அது மெதுவாக்கிவிடும்.

இப்படிச் செய்தது மைனஸ் 18 டிகிரியில் எட்டு மாதம் வரை தரம் குறையாமல் இருக்கும். ஆனால் எல்லா ஃப்ரீசரும் மைனஸ் 18 தொடுவதில்லை. சில ஃப்ரிட்ஜ்களில் ஃப்ரீசர் கதவின்மேல் நட்சத்திரக் குறி இருக்கும். ஒன்று என்றால் மைனஸ் 6, இரண்டு என்றால் மைனஸ் 12, மூன்று என்றால் மைனஸ் 18. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டியில் வைப்பவர்கள் சில வாரங்களில் சமைத்துவிடுவது நல்லது. பனிக்கட்டியை உருக்கும் பொத்தானை அழுத்தும் முன் பையை வெளியே எடுக்க மறக்காதீர்கள்.

மின்தடை நம் பகுதிக்குப் புதிதல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையின் பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. நிறைந்திருக்கும் பெரிய ஃப்ரீசரைத் திறக்காமல் வைத்தால் இரண்டு நாள் தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள். சின்ன ஐஸ் பெட்டிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. மின்சாரம் வந்ததும் முத்துகளில் பனித்துகள் இன்னும் இருந்தால் மறுபடி உறைய வைக்கலாம். முழுக்க உருகி வெதுவெதுப்பாகிவிட்டால், எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தது என்று தெரியாததால், கொட்டிவிடுவதே பாதுகாப்பு.

ஏனென்றால் குளிர் கிருமிகளைக் கொல்வதில்லை. 2015 முதல் 2018 வரை ஐரோப்பாவின் ஐந்து நாடுகளில், உறைந்த சோளத்தோடு தொடர்புடைய லிஸ்டீரியா என்ற கிருமியின் தொற்றில் 47 பேர் பாதிக்கப்பட்டு, அவர்களில் 9 பேர் இறந்தார்கள். பையிலிருந்து எடுத்து நேராகச் சாலட்டில் தூவுவது ஆபத்தான பழக்கம். கருவுற்ற பெண்களும் முதியவர்களும் இருக்கும் வீட்டில் கட்டாயம் கூடாது. ஏற்கெனவே கொதிக்க வைத்ததுதானே என்று விட்டுவிடாமல், ஆவி பறக்கும் வரை சூடேற்றிய பிறகே பரிமாறுங்கள்.

சமைக்கும்போது உருக வைக்க வேண்டாம். உருகினால் இனிப்புச் சாறு வடிந்துவிடும். நேராகக் கொதிநீரிலோ ஆவியிலோ போட்டால் மூன்று நான்கு நிமிடம் போதும். கொதிநீரும் பனியும் சேர்ந்து ஏற்கெனவே முத்தை இளக்கிவிட்டன. தாளிப்பதென்றால் வாணலி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் முத்து தன் நீரிலேயே புழுங்கும்.

தண்ணீரையும் கவனியுங்கள். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் புகுந்த கதை பலருக்கும் தெரியும். வடசென்னையின் பல ஆழ்துளைக் கிணறுகளில் வருவது பருப்பு வேகாத தண்ணீர். அதிலுள்ள கால்சியம், முத்துத் தோலின் செல்களை ஒட்டவைக்கும் பெக்டினுக்கிடையே பாலம் போட்டு இறுக்கிவிடும். மெட்ரோ தண்ணீரோ குடிநீர் கேனோ இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். உப்புப் போட்டால் முத்து இறுகும் என்பார்கள். சாதாரணத் தூள் உப்பு அப்படிச் செய்வதில்லை. எலுமிச்சையும் மாங்காயும் வேறு. புளிப்பில் செல்சுவர் சீக்கிரம் இளகாது. சுண்டலாகச் செய்தால் கடுகு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து முத்தைப் புரட்டி, அடுப்பை அணைத்த பிறகு தேங்காயும் மாங்காயும் சேர்க்க வேண்டும்.

வேகும் சோளத்தின் மணத்தில் முக்கியப் பங்கு டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயுவுக்கு உண்டு. கடலின் நுண்பாசிகள் வெளியிடும் ஒரு பொருளிலிருந்தும் இதே வாயு பிறக்கிறது. திருவொற்றியூர்க் கரையில் நின்றால் வரும் கடல்வாடையில் அதற்கும் பங்கு இருக்கிறது. சீக்கிரம் ஆவியாகும் பொருள் என்பதால், சோளத்தை மூடிபோட்டு வேகவைத்தால் மணம் அதிகம் தங்கும்.

கரியில் சுடும் கதிருக்காக இதையெல்லாம் செய்ய வேண்டாம். அதற்கு முற்றிய, மாவு ஏறிய மக்காச்சோளமே பொருத்தம். உறைந்து இளகிய ஸ்வீட் கார்ன் தணலில் வதங்கிப்போகும்.

சீவிய பின் மிஞ்சும் தண்டுகளைக் குப்பையில் போடாதீர்கள். நடுத்தண்டில் நொதிகள் இன்னும் சாகாமல் இருந்தாலும், உடனே கொதிக்க வைத்துவிட்டால் சக்கை வாடைக்குப் பயமில்லை. ஒட்டியிருக்கும் முத்துகளின் அடியில் இனிப்பும் நிறைய இருக்கும். துண்டு போட்டு, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, அரைமணி நேரம் சிறுதீயில் வைத்து வடிகட்டினால் காய்கறி சூப்புக்கு நல்ல அடித்தண்ணீர் கிடைக்கும். அதிகமாக இருந்தால் ஆறவைத்து, காலியாகிவிட்ட ஐஸ் தட்டுகளிலேயே ஊற்றி உறைய வைத்துக்கொள்ளலாம்.