பதில் கிடைக்கிற மூளை எப்படி வளர்கிறது?

பிறந்த குழந்தையின் மூளை எடை, பெரியவர்களுடையதில் ஏறக்குறைய கால் பங்குதான். ஐந்தாறு வயதுக்குள் அது 90 சதவீதத்தைத் தொட்டுவிடும். இதைக் கேள்விப்பட்டதும் பெற்றோர் பலர் பதறிப்போய், அந்த வயதுக்குள் எழுத்து, எண், நிறம், விலங்குப் பெயர் என்று முடிந்ததையெல்லாம் பிள்ளை தலையில் ஏற்றிவிட வேண்டும் என்று அட்டைகளும் செயலிகளும் வாங்கிக் குவிக்கிறார்கள். அவர்களுடைய அக்கறையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த வயதில் மூளை வளரும் விதமே வேறு.

நியூரான்கள் எனப்படும் நரம்பு செல்களில் பெரும்பாலானவை பிறக்கும்போதே இருக்கின்றன. அதற்குப் பிறகு பெருகுவது அவற்றுக்கு இடையிலான இணைப்புகள், அதாவது சினாப்ஸ்கள். அதுவும் தேவைக்கு மேல் ஏராளமாகப் பெருகும், அப்புறம் குறையும். சிகாகோவில் பீட்டர் ஹட்டன்லோக்கர் என்ற மருத்துவர், பல வயதில் இறந்தவர்களின் மூளைத் திசுவை மைக்ரோஸ்கோப்பில் வைத்து இந்த இணைப்புகளைப் பொறுமையாக எண்ணிப் பார்த்தார். பார்வைப் பகுதியில் முதல் வருடத்திலேயே உச்சம் வந்துவிடுகிறது. திட்டமிடுதல், பொறுமை காத்தல் போன்றவற்றைக் கவனிக்கும் முன்பகுதியிலோ குறைப்பு வேலை வளரிளம் பருவம் வரை நீள்கிறது. ஆள் நடமாட்டம் இருக்கும் ஒற்றையடிப் பாதை நிலைத்து, யாரும் போகாத பாதையில் புல் மண்டிவிடுவது மாதிரி, அடிக்கடி பயன்படும் இணைப்பு பலப்படும், மற்றது போய்விடும்.

சரி, எது பயன்படுகிறது? பெரும்பாலும் எதிரில் இருக்கும் ஆள் பதில் கொடுப்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது. குழந்தை 'ங்கா' என்கிறது, நீங்களும் 'ங்கா' என்று சொல்லிச் சிரிக்கிறீர்கள், அது கையை ஆட்டுகிறது, நீங்கள் கையைப் பிடிக்கிறீர்கள். பார்க்கச் சாதாரணமாக இருக்கும் இந்த ஒரு நிமிடத்தில் கேட்பது, பார்ப்பது, தொடுவது, எதிர்பார்ப்பது எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. குழந்தைகளின் மொழிக் கற்றலை ஆராயும் பெட்ரிசியா குல் குழுவினர் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை இதை அழகாகக் காட்டியது. அமெரிக்காவில் ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளோடு, மாண்டரின் பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து புத்தகம் காட்டி, பொம்மை வைத்து விளையாடினார்கள். பன்னிரண்டே அமர்வுகளில் அந்தக் குழந்தைகள் மாண்டரின் ஒலிகளைப் பிரித்தறியத் தொடங்கிவிட்டார்கள். அதே விஷயத்தை வீடியோவிலும் ஒலிப்பதிவிலும் கேட்ட குழந்தைகள் எதையும் கற்கவில்லை. காதில் விழுந்த மொழி இரண்டு பக்கமும் ஒன்றுதான், ஆனால் திரை குழந்தையைத் திரும்பிப் பார்ப்பதில்லையே.

பதில் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை உளவியலாளர் எட்வர்ட் ட்ரானிக் 1970களில் காட்டினார். குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த அம்மா திடீரென்று சில நிமிடம் முகத்தை அசையாமல் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் சோதனை. குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், குரல் கொடுக்கும், எதுவும் நடக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு வாடிவிடும். அம்மா பழையபடி சிரித்ததும் மெல்ல மெல்ல மீண்டுவிடும். இதைப் படித்துவிட்டு, 'நேற்று போனில் பேசிக்கொண்டே பிள்ளையைக் கவனிக்காமல் விட்டேனே' என்று யாரும் உடைந்துபோக வேண்டாம். நல்ல அன்பான வீடுகளில்கூட குழந்தையும் பெரியவரும் பெரும்பாலான நேரம் ஒத்துப்போவதில்லை என்பதையும் அதே ட்ரானிக்தான் கவனித்தார். விட்டுப்போனதைத் திரும்பப் பிடித்துக்கொள்வதும் குழந்தைக்கு ஒரு பாடமே.

நீண்ட காலம் பதிலே கிடைக்காமல் இருப்பதுதான் ஆபத்து. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில், அநாதை இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். அந்த இல்லங்களில் ஒரே பணியாளர் பத்துப் பன்னிரண்டு குழந்தைகளைப் பார்க்க வேண்டியிருந்தது, வேளைக்குப் பால் வரும், ஆனால் அழுதால் யாரும் வரமாட்டார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகள் அறிவுத்திறனிலும், வளர்ப்பவரோடு பாசப் பிணைப்பு கொள்வதிலும் முன்னேறினார்கள், அதிலும் இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள் நன்றாகவே மீண்டார்கள்.

பள்ளி வயதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: ஓடியாடும் விளையாட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம், மனதில் உள்ளதைப் பயமில்லாமல் சொல்ல ஒரு ஆள். அதிகம் புரியாமல் போவது அடுத்த கட்டம்தான்.

பருவமடையும் காலத்தில் மூளை இரண்டாம் முறை பெரிய அளவில் மாற்றியமைக்கப்படுகிறது. பரிசு, பரபரப்பு, நண்பர்களின் பார்வை ஆகியவற்றுக்குத் துடிக்கும் பகுதிகள் முந்திக்கொள்கின்றன. கட்டுப்படுத்தும் முன்பகுதி முழுமையடைய இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகும். 2005இல் வெளியான ஒரு ஆய்வில், கார் ஓட்டும் கணினி விளையாட்டை ஆடிய பதின்வயதினர், தனியாக ஆடியதைவிட நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது அதிக ஆபத்தான முடிவுகளை எடுத்தார்கள். முழுதும் வளர்ந்தவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. அதாவது நம் பிள்ளைக்கு ஆபத்து தெரியாமல் இல்லை. சூடான நேரத்தில் தெரிந்தது கைகொடுப்பதில்லை. அதனால் பைக், போதைப்பொருள் மாதிரி விஷயங்களைச் சண்டைக்கு நடுவில் பேசாமல், இருவரும் அமைதியாக இருக்கும்போது, அவர்கள் சொல்வதையும் கேட்டுப் பேசுவதுதான் பலன் தரும்.

தூக்கத்தைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவதையும் நாம் நிறுத்த வேண்டும். தூக்கத்துக்குத் தயார்படுத்தும் மெலடோனின் ஹார்மோன் இந்த வயதில் இரவில் தாமதமாகச் சுரக்கிறது, ஆனால் எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் இன்னும் தேவை. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2016இல் உயர்நிலைப் பள்ளிகள் தொடங்கும் நேரத்தை 7.50இலிருந்து 8.45க்குத் தள்ளிவைத்தது. கூடுதல் நேரம் கிடைத்தால் பிள்ளைகள் இன்னும் பிந்திப் படுப்பார்கள் என்ற சந்தேகம் இருக்கத்தான் செய்தது. மணிக்கட்டில் கருவி கட்டி அளந்தபோது, மாணவர்கள் பள்ளி நாட்களில் சுமார் 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கியிருந்தார்கள்.