உள்தாழ்ப்பாள் இல்லாத அறைகள்

பெற்றோரைப் பிரிந்து வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் பதின்பருவப் பிள்ளைகளுக்கென ஓர் இல்லத்தின் வரைபடம் என் மேசைக்கு வந்தால், முதலில் கதவுகளைத்தான் பார்ப்பேன். பல வரைபடங்களில் படுக்கையறைக்கு உள்தாழ்ப்பாளே இருக்காது. கேட்டால், பாதுகாப்புக்காக என்பார்கள்.

எந்த ஊரில் வாழ்வது, எந்தப் பள்ளிக்குப் போவது, கூடப் பிறந்தவர்களோடு இருக்கலாமா கூடாதா என எல்லாவற்றையும் அந்தப் பிள்ளைக்காக வேறு யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். சிலருக்கு இரவில் கதவு திறக்கும் ஓசையே பழைய கொடுமையை நினைவூட்டும். சாத்த முடியாத கதவு அவர்களுக்கு எப்படிப் பாதுகாப்பாகும்? உள்ளிருந்து பூட்டிக்கொள்ளவும், ஆபத்து நேரத்தில் ஊழியர் வெளியிலிருந்து சாவியால் திறக்கவும் வசதியுள்ள பூட்டுகள் எங்கும் கிடைக்கின்றன. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 16ஆவது பிரிவில் குழந்தையின் அந்தரங்கத்துக்கும் பாதுகாப்புத் தருகிறது. அது காகிதத்தோடு நின்றுவிடாமல் கதவு வரைக்கும் வர வேண்டும்.

விளக்கு சுவிட்சும் அப்படித்தான். பருவமடையும் வயதில் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் இரவில் தாமதமாகவே சுரக்கத் தொடங்குகிறது. பத்து மணிக்கு மொத்தக் கட்டடத்தின் விளக்குகளையும் ஒரே இடத்திலிருந்து அணைத்தால் பிள்ளைகள் தூங்கிவிட மாட்டார்கள். இருட்டில் விழித்துக்கொண்டு படுத்திருப்பார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் அவரவர் கைக்கெட்டும் சுவிட்சும் சிறு விளக்கும் போதும்.

பொதுக்கூடத்தில் எந்த நாற்காலி முதலில் நிரம்புகிறது என்று கவனித்துப் பாருங்கள். சுவரில் முதுகு சாய்த்து, வாசலைப் பார்த்தபடி உட்காரக்கூடிய மூலைதான். அப்படிப்பட்ட மூலைகள் நிறைய வேண்டும். நீண்ட நடைவழியின் இருபுறமும் அறைகளை அடுக்கினால் மருத்துவமனை போல ஆகிவிடும். நான்கைந்து அறைகளுக்கு ஒரு கூடம் என்று பிரிப்பதே நல்லது.

சமையலறையில் பூட்டிய ஃபிரிட்ஜைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. பட்டினி அறிந்த பிள்ளை தலையணைக்கு அடியில் ரொட்டியை ஒளித்து வைப்பது திருட்டுப் புத்தியால் அல்ல, நாளைக்கு இருக்குமோ இருக்காதோ என்ற பயத்தால். எந்நேரமும் திறந்திருக்கும் ஓர் அலமாரியும், அறைக்குள் வைத்துக்கொள்ள மூடியுள்ள ஒரு டப்பாவும் கொடுங்கள். எறும்புத் தொல்லையும் இருக்காது.

பதினெட்டு வயதானதும் பல பிள்ளைகள் இல்லத்தை விட்டு வெளியேற வேண்டியிருக்கிறது. தனியாக வாழ்வதற்கான தயாரிப்பை வெளியேறுவதற்கு வெகு முன்பே தொடங்க வேண்டும் என்று 2009இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. பயிற்சி வகுப்பு மட்டும் இதற்குப் போதாது. அதே வளாகத்தில் தனிச் சமையலறை, தனி மின் மீட்டர், தனிச் சாவியோடு ஓரிரு சிறு வீடுகள் கட்டினால், பதினாறு, பதினேழு வயதிலேயே தனியாக வாழ்ந்து பழகலாம். மாதக் கடைசியில் மின்கட்டணம் எகிறினாலும் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் பக்கத்திலேயே இருப்பார்.

வரைபடத்தை முடிக்கும் முன் பிள்ளைகளிடம் கேளுங்கள். "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். தரையில் சுண்ணக்கட்டியால் அறையை முழு அளவில் வரைந்து, நடுவில் ஒரு கட்டிலைப் போட்டு நகர்த்தச் சொல்லுங்கள். படுத்தபடியே கதவைப் பார்க்கும்படி திருப்புகிறவர்கள் உண்டு. ஜன்னலை விட்டுத் தள்ளிப் போடுகிறவர்களும் உண்டு. அதனால் கட்டிலைத் தரையோடு பொருத்தாதீர்கள். பிளக் பாயின்ட்டை ஒரே சுவரில் வைக்காமல் குறைந்தது இரண்டு சுவர்களிலாவது வையுங்கள்.