"சும்மா விசாரணைக்குத்தான்" என்றால் மணியைப் பார்த்துக் குறித்துவையுங்கள்

போன வெள்ளிக்கிழமை இரவு ஓர் அம்மா என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு கட்டைப்பை. அதில் மகனின் லுங்கி, வலிப்பு மாத்திரை, தூக்குச்சட்டி. செவ்வாய் இரவு பத்து மணி வாக்கில் பையனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். மூன்று நாளும் வேளை தவறாமல் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். "முதல் நாளே வந்திருக்கக் கூடாதாம்மா?" என்றேன்.

"அரெஸ்ட் பண்ணலையே சார். சும்மா விசாரணைக்குன்னுதானே சொன்னாங்க."

இதே பதிலை இந்த மாதத்தில் நான்காவது முறையாகக் கேட்கிறேன். மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

விலங்கு மாட்டினால்தான் கைது, எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் கைது, கையெழுத்து வாங்கினால்தான் கைது என்று படித்தவர்களே நம்புகிறார்கள். தவறு. எழுந்து வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்னால் விடமாட்டார்கள் என்ற நிலை எந்த நிமிடம் வந்ததோ, அந்த நிமிடமே உங்கள் சுதந்திரம் பறிபோய்விட்டது. அதற்கு விசாரணை என்று பெயர் வைத்தாலும் சரி, வேறு என்ன பெயர் வைத்தாலும் சரி. அதிகாரி காகிதத்தில் எழுதும் நேரத்தைப் பார்க்கக் கூடாது, ஆளைத் தடுத்துவைத்த நேரத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1990-லேயே சொல்லிவிட்டது. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவு. இந்தப் பையனுக்கு அந்தக் கெடு புதன் இரவோடு முடிந்துவிட்டது.

காவலில் வைக்கக் கேட்டுப் போலீஸ் நடுவரிடம் கொடுத்த ரிமாண்ட் அறிக்கையில் என்ன இருந்தது தெரியுமா? வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குப் பேருந்து நிலையம் அருகே சந்தேகப்படும்படி நின்றிருந்தவரைப் பிடித்தார்களாம். குற்றவியல் வழக்கு நடத்தும் எவருக்கும் இந்த வரி மனப்பாடம். செவ்வாய் முதல் வெள்ளி வரை அவன் அங்கே இருந்ததற்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. தூக்குச்சட்டிக்கு யார் ரசீது தருவார்கள்?

என் சீனியர் இருந்த காலத்தில், இப்படி யாராவது ஓடிவந்தால் முதல் கேள்வியே "தந்தி கொடுத்தாச்சா?" என்பதுதான். தந்தியில் தேதியும் மணியும் இருக்கும், பின்னால் யாரும் மாற்ற முடியாது. 2013 ஜூலையில் தந்தி சேவை நின்றது. அதோடு அந்தப் பழக்கமும் போய்விட்டது. இப்போது கையிலேயே போன் இருக்கிறது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கோ ஆணையருக்கோ உடனே ஒரு மின்னஞ்சல் போடுங்கள், காலையில் அதையே விரைவுத் தபாலிலும் அனுப்புங்கள். யாரை, எங்கிருந்து, எத்தனை மணிக்கு, எந்த ஸ்டேஷனுக்கு. இந்த நான்கு விவரம் போதும். ஆளை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் ஆட்கொணர்வு மனு போட வேண்டி வந்தால் அதுதான் எங்களுக்குக் கைப்பிடி.

கூப்பிட்டால் எழுத்தில் அழைப்பாணை கேளுங்கள். கோபப்படாமல் எழுதித் தரும் ஆய்வாளர்களையும் நான் பார்த்திருக்கிறேன். குற்றம் சாட்டப்பட்டவருக்கான நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. சாட்சியாக விசாரிப்பதென்றால் பெண்களையும், 60 வயதைக் கடந்த அல்லது 15 வயது நிரம்பாத ஆண்களையும் ஸ்டேஷனுக்கு வா என்று கட்டாயப்படுத்த முடியாது, வீட்டுக்குத்தான் வர வேண்டும். கைது செய்தால் காரணத்தை எழுத்தில், புரியும் மொழியில் தர வேண்டும். எந்தக் குற்றமானாலும் இது பொருந்தும் என்று 2025 நவம்பரில் தீர்ப்பு வந்துவிட்டது.

வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். எத்தனை முறை சொல்வது! போலீஸ் விசாரணையில் சாட்சி சொல்லும் வாக்குமூலத்தில் கையெழுத்தே வாங்கக் கூடாது என்பதுதான் சட்டம்.

"தப்பே செய்யலையே, எனக்கு எதுக்கு வக்கீல்?" என்று கேட்பவர்களுக்கு: தப்பு செய்யாதவருக்குத்தான் முதலில் வேண்டும். காசு இல்லையென்றால் இலவசச் சட்ட உதவி எண்ணான 15100-க்கு அழையுங்கள். காவலில் இருப்பவருக்கு இலவசச் சட்ட உதவி பெற வருமான வரம்பு கிடையாது.

கடைசியாக ஒன்று, இதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன். நடுவர் முன் நிற்கும் அந்த இரண்டு நிமிடத்தில் வாயைத் திறந்து சொல்லுங்கள். எப்போது பிடித்தார்கள், அடித்தார்களா என்று அவர் கேட்பது சடங்குக்காக இல்லை. சொன்னால் பதிவாகும், மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவு போட முடியும். அன்றே சொல்லாததை ஆறு மாதம் கழித்து நாங்கள் சொன்னால், பிற்பாடு யோசித்துச் சேர்த்தது என்பார்கள்.

சனிக்கிழமை காலை அந்தப் பையனிடமும் நடுவர் கேட்டார். பக்கத்தில் நின்ற காவலரை ஒரு தரம் பார்த்துவிட்டு, "நேத்து சாயங்காலம் பிடிச்சாங்கய்யா" என்றான். நான் எழுந்து செவ்வாய்க்கிழமை என்றேன், மனுவும் கொடுத்தேன். ஆனால் அவன் வாயால் சொன்னது பதிவாகிவிட்டது. கதவோரம் நின்றிருந்த அம்மா என்னைப் பார்த்தார். அன்றைக்கும் சாப்பாடு கொண்டுவந்திருந்தார்.