பூனை மூக்கில் ஆறாத புண்ணா? மஞ்சளைக் கீழே வைத்துவிட்டு முதலில் இதைப் படியுங்கள்

போன வாரம் கிளினிக்குக்கு இன்னொரு பூனை வந்தது. மூக்குத்தண்டு வீங்கி, நடுவில் புண், ஓயாத தும்மல். மாதக்கணக்கில் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தடவியிருக்கிறார்கள். தூக்கிவந்த அம்மாவின் விரலில் ஒரு புண். அங்கிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் வரிசையாகக் கட்டிகள். "சண்டையில கீறிக்கிட்டதுதான் டாக்டர், சாதாரண பூஞ்சையாம்" என்றார். பினாங்கில் இதே பேச்சை எத்தனை வீட்டாரிடம்தான் கேட்பது?

இந்த நோயின் பெயர் ஸ்போரோட்ரிகோசிஸ். ஸ்போரோத்ரிக்ஸ் என்ற பூஞ்சையால் வருவது. 1898-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் பெஞ்சமின் ஷென்க் முதலில் விவரித்தார். இந்தப் பூஞ்சை மண்ணிலும் மக்கும் மரத்திலும் வாழும். 1940-களில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில், முட்டுக்கொடுத்த மரங்களிலிருந்து ஏறக்குறைய 3,000 தொழிலாளர்களுக்குத் தொற்றியது. ரோஜா முள் குத்தியும் வரும். இதையெல்லாம் இணையத்தில் படித்துவிட்டு, "எங்கள் வீட்டில் ரோஜாவே இல்லையே" என்று என்னிடம் வாதாடுகிறவர்கள் உண்டு. ரோஜா இல்லை, சரி. பூனை இருக்கிறதே!

பூஞ்சை என்றால் எல்லாம் ஒன்றுதான், ஒரு கிரீம் தடவினால் போய்விடும் என்ற நினைப்புதான் என்னை மிகவும் வருத்துகிறது. ஒரே குடும்பத்துக்குள்ளேயே சாதுவும் உண்டு, கொடியதும் உண்டு. ஸ்போரோத்ரிக்ஸ் குளோபோசா இந்தியாவிலும் சீனாவிலும் ஜப்பானிலும் அதிகம். பெரும்பாலும் செடி கொடி, மரத்திலிருந்து வந்து, தோலோடு நின்றுவிடும். ஸ்போரோத்ரிக்ஸ் பிரேசிலியென்சிஸ் வேறு ரகம். 1998 முதல் ரியோ டி ஜெனிரோவில் பூனைகள் வழியாக ஆயிரக்கணக்கானோருக்குப் பரவிய தொற்றுக்கு இதுதான் காரணம். ஆனால் தனி இனம் என்று பிரித்துப் பெயர் வைத்ததே 2007-இல்தான். ஆய்வக எலிகளில் சோதித்தபோது இந்தக் குடும்பத்திலேயே மிகக் கொடியதாக இருந்ததும் இதுதான். நம் மலேசியப் பூனைகளிடம் கண்டறியப்பட்டிருப்பது ஸ்போரோத்ரிக்ஸ் ஷென்கியை. பிரேசில் இனம் அல்ல என்று நிம்மதி அடைய வேண்டாம். இதுவும் பூனைக்குப் பூனை, பூனையிலிருந்து மனிதருக்கு என்று பரவுகிறது.

கொடுமை எங்கிருந்து வருகிறது? ஒன்று, சூடு. 37 டிகிரியில் சரியாக வளர முடியாத ரகங்கள் தோலின் குளிர்ந்த பரப்பிலேயே தங்கிவிடுகின்றன. அந்தச் சூட்டைத் தாங்குகிறவை நிணநீர்க் குழாய் வழியாக மேலே ஏறும், உள்ளேயும் போகும். இன்னொன்று மெலனின். நம் தோலுக்கு நிறம் தரும் அதே வகைப் பொருளைச் சில ரகங்கள் தங்கள் செல் சுவரில் படியவைத்துக்கொள்கின்றன. அதனால் வெள்ளணுக்களால் அவற்றை எளிதில் கொல்ல முடிவதில்லை.

மூன்றாவது, நம் வீடுகளுக்கு மிக முக்கியமானது. மண்ணில் இந்தப் பூஞ்சை நூல் வடிவில் இருக்கும். உடம்புக்குள் போனபின்தான் ஈஸ்ட் வடிவத்துக்கு, அதாவது தனித்தனிச் செல்களாக, மாறும். முள்ளோடு வருவது கொஞ்சம், அதுவும் இன்னும் மாறாதது. பூனையின் புண்ணிலோ ஏற்கெனவே மாறிய ஈஸ்ட் கூட்டம் கூட்டமாக இருக்கிறது. கண்ணாடித் தகட்டைப் புண்ணில் ஒற்றியெடுத்துச் சாயம் ஏற்றிப் பார்த்தால், வெள்ளணுக்களுக்குள் நீள்வட்ட ஈஸ்ட் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். மனிதரின் திசுவில் ஒன்றைப் பார்ப்பதே அபூர்வம். அப்படிப்பட்ட புண்ணைச் சொறிந்த நகம்தான் உங்கள் கையைக் கீறுகிறது. கீறாவிட்டாலும், அது முகத்துக்கு நேரே தும்மினால் கண்ணில் தொற்றலாம்.

அதனால் தயவுசெய்து மஞ்சளை நிறுத்துங்கள். மூக்கு, காது நுனி, பாதம் இங்கெல்லாம் ஆறாத புண் இருந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மிச்சம் இருக்கிறதே என்று ஸ்டெராய்டு கிரீமைத் தடவாதீர்கள், நோய் முற்றும். ஃபார்மசியில் ஃபுளுகோனசோல் என்ற பூஞ்சை மருந்தை வாங்கிக் கொடுப்பதும் வீண், இந்தப் பூஞ்சையிடம் அது பெரிதாக எடுபடாது. பூனைக்கு நாங்கள் பெரும்பாலும் தருவது இட்ராகோனசோல் என்ற வேறொரு பூஞ்சை மருந்து. கேப்சூலைப் பிரித்து ஈர உணவில் கலந்துவிடலாம், வாயைத் திறந்து திணித்துக் கடி வாங்க வேண்டியதில்லை. புண் மூடியதும் மருந்தை நிறுத்திவிட்டு, நோய் திரும்பியபின் ஓடிவருகிறார்கள். புண் மறைந்த பிறகும் குறைந்தது ஒரு மாதம் தொடர வேண்டும். மொத்தத்தில் பல மாத வேலை, செலவும் உண்டு. தெரிந்துதான் சொல்கிறேன்.

அதுவரை பூனை கூண்டிலோ தனி அறையிலோ இருக்கட்டும். தொடும்போது கையுறை. கூண்டை, நீர் கலந்த பிளீச்சால் துடையுங்கள். பிள்ளைகளும் சர்க்கரை நோயாளிகளும் கிட்டப்போக வேண்டாம். பூனை இறந்துபோனால் தோட்டத்தில் புதைக்காதீர்கள், பூஞ்சை மண்ணில் பிழைத்துக்கொள்ளும், எரியூட்டுவதே நல்லது. நோய் வந்ததென்று பசாரில் கொண்டுபோய் விட்டுவிடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். பாவம் அந்த ஜீவன், அங்கிருக்கும் பூனைகளோடு சண்டை போட்டே எல்லாவற்றுக்கும் நோயைக் கொடுத்துவிடும். ஆண் பூனைக்குக் கருத்தடை செய்துவிட்டால் இந்தச் சண்டையும் அலைச்சலும் வெகுவாகக் குறையும்.

உங்கள் கையில் புண்ணோ கட்டியோ வந்திருந்தால் என்னிடம் கேட்காதீர்கள், மனிதருக்கான மருத்துவரிடம் போங்கள். போகும்போது, "வீட்டுப் பூனைக்கு மூக்கில் புண் இருக்கிறது, என்னைக் கீறியது" என்று நீங்களாகவே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பாக்டீரியா மருந்தே மாற்றி மாற்றி வரும். திசுவை எடுத்து வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு வாரக்கணக்கில் ஆகலாம், பொறுத்திருங்கள். கர்ப்பமாக இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இட்ராகோனசோல் உங்களுக்கு ஆகாது.